ஸ்போர்ட்ஸ் காரின் சில்லுச் சீரமைப்பு

மோட்டார்க் கார் எத்துணைப் பெரியதாயினும், எத்துணை விலையுயர்ந்ததாயினும், அது நிலத்தைத் தொடும் இடங்கள் நான்கே. ஒவ்வோர் இடமும் விரித்த உள்ளங்கையினும் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். ஓட்டுநர் பிரேக்கை மிதிப்பதும், வளைவிலே சுக்கானைத் திருப்புவதும், மாரிமழையில் நனைந்த தார் வீதியில் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் ஆகிய எல்லாக் கட்டளைகளும் அந்த நான்கு உள்ளங்கையளவு இறப்பரின் வழியாகவே நிலத்தைச் சென்றடைகின்றன. அந்த இறப்பர் எந்தக் கோணத்தில் நிலத்திலே பதிய வேண்டும் என்பதுபற்றியே இன்று பேச எண்ணுகிறேன். கராஜ்களில் இதனை 'வீல் எலைன்மென்ட்' என்பர். நாம் சில்லுச் சீரமைப்பு என்று சொல்லிக்கொள்வோம்.

கலைப்பட்டதாரியான பாடசாலை அதிபர் ஒருவருக்கு இதிலே என்ன வேலை என்று நேயர்கள் வினவலாம். காரணம் எளியது. எங்கள் மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று செல்லும் இக்கரையோரத்தில் உண்மையான ஸ்போர்ட்ஸ் கார்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆயினும், சாதாரணக் காரை ஸ்போர்ட்ஸ் காராக்க முனையும் இளைஞர்கள் பலர். அவர்களிற் சிலர் என்னிடம் படித்தவர்கள். 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தமட்டில் 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலமெல்லாம் இருந்த கார்களையே பேணியும் மாற்றியும் ஓட்டினார்கள். மாற்றியவர்கள் எஞ்சினுக்கும் வண்ணத்துக்கும் செலவிட்ட கவனத்தில் பத்திலொரு பங்கைத்தானும் சில்லின் கோணத்துக்குச் செலவிட்டதாகத் தெரியவில்லை. உயிரோடு தொடர்புடைய விடயமாதலால் இதனைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கராஜுக்குச் செல்பவர் வழக்கமாகச் சொல்லும் சொல், "சில்லை நேராக்கித் தாருங்கள்" என்பதாகும். நேர் என்பது யாது? நான்கு சில்லுகளும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக, நிலத்துக்குச் செங்குத்தாக நிற்பதே நேர் என்று நாம் எண்ணுகிறோம். நிற்கும் காருக்கு அது பொருந்தலாம். ஆனால், கார் நிற்பதற்காக உண்டாக்கப்பட்டதன்று. ஓடும்போது காற்று அழுத்துகிறது, வீதி உதைக்கிறது, வளைவிலே உடல் சாய்கிறது, இறப்பர்ப் புஷ்கள் நசுங்குகின்றன. அவ்வேளையிற் சில்லு சரியாகப் பதிய வேண்டுமாயின், நிற்கும்போது அது சிறிதே கோணலாக நிற்க வேண்டும். எவ்வளவு கோணல் என்பதே கேள்வி. அதற்கு விடை, அந்தக் கார் எங்கே, எவ்வாறு ஓடப்போகிறது என்பதைப் பொறுத்தது.

சமாந்தரம் எப்போதும் சரியன்று என்பதைக் குதிரைவண்டிக் காலத்திலேயே கண்டுகொண்டார்கள். வண்டி வளையும்போது உட்புறச் சில்லு சிறிய வட்டத்திலும் வெளிப்புறச் சில்லு பெரிய வட்டத்திலும் செல்கின்றன. ஆகவே, உட்புறச் சில்லு சற்றுக் கூடுதலாகத் திரும்பினாலன்றி இரண்டும் இழுபறிப்படும். இதற்கான அமைப்பை 1817ஆம் ஆண்டில் மியூனிக் நகரத்து வண்டி செய்வோரான கியோர்க் லங்கன்ஸ்பேர்கர் உருவாக்கினார். அடுத்த ஆண்டு இலண்டனில் அதற்கு உரிமப்பத்திரம் பெற்றவர் ருடோல்ப் அக்கர்மன். இந்த அக்கர்மன் அச்சுப்படங்கள் வெளியிட்ட புத்தக வணிகர். வண்டிகளின் வடிவமைப்பிலும் தேர்ந்தவர். கடற்படைத் தளபதி நெல்சனின் பூதவுடலைச் சுமந்த வண்டியை வடிவமைத்தவரும் அவரே. கண்டுபிடித்தவர் ஒருவராயிருக்க, பெயர் மற்றவருக்குப் போய்விட்டது. இன்றும் உலகம் அதனை அக்கர்மன் அமைப்பு என்றே வழங்குகிறது. வரலாற்றிலே இவ்வாறு நிகழ்வது இது முதன்முறையன்று.

இனிக் கோணங்களுக்கு வருவோம். அவை முக்கியமாக மூன்று: டோ, கம்பர், காஸ்டர். இரண்டாவது பெயரைக் கேட்டுத் தமிழாசிரியர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டாம். ஆங்கிலச் சொல்லொன்று எங்கள் கராஜ்காரர் நாவிலே அவ்வாறு திரிந்து வழங்குகிறது. கவிச்சக்கரவர்த்திக்கும் இந்தச் சக்கரத்துக்கும் வேறு தொடர்பு கிடையாது.

டோ என்பது பாதத்தின் விரல். எழுந்து நின்று இரண்டு பாதங்களின் பெருவிரல்களையும் ஒன்றையொன்று நோக்கித் திருப்பிப் பாருங்கள், அது முன்குவிவு. வெளியே திருப்பினால் அது முன்விரிவு. சில்லுகளை மேலிருந்து நோக்கினால் இதே நிலைகளைக் காணலாம். பின்சில்லுகளால் உந்தப்படும் காரிலே முன்சில்லுகள் வெறுமனே உருட்டிச் செல்லப்படுகின்றன. நிலத்தின் தடை அவற்றைப் பின்னோக்கித் தள்ள, புஷ்கள் சிறிது இளக, சில்லுகளின் முன்விளிம்புகள் வெளியே விரியப் பார்க்கின்றன. ஆதலின், நிற்கும்போது அவற்றைச் சிறிது குவித்து வைக்கிறார்கள். ஓடும்போது சமாந்தரத்துக்கு அண்மையில் வந்துவிடும். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் உற்பத்தியான எம்.ஜி.பி. என்னும் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு அதன் கைந்நூல் விதித்த முன்குவிவு, அங்குலத்தில் பதினாறிலொன்று முதல் முப்பத்திரண்டில் மூன்று வரை. அதாவது ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீற்றர் முதல் இரண்டரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு வரை. முன்சில்லுகளால் இழுக்கப்படும் காரிலே நிலைமை மாறுகிறது. உந்துவிசை சில்லுகளை முன்னோக்கி இழுப்பதால் அவை தாமாகவே குவியப் பார்க்கும். அத்தகைய கார்களிற் பலவற்றுக்குக் குவிவே வேண்டியதில்லை. சிலவற்றுக்குச் சிறு விரிவும் விதிக்கப்படுவதுண்டு. எனவே, ஒரு காரின் அளவை மற்றொரு காருக்கு வைப்பது ஒருவரின் மூக்குக் கண்ணாடியை மற்றவர் அணிவது போன்றதே.

இச்சிறு கோணத்தின் விளைவைக் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்புண்டாகும். ஒரு சில்லு, செல்ல வேண்டிய திசையிலிருந்து அரைப் பாகை விலகி நிற்பதாகக் கொள்வோம். கண்ணாற் பார்த்தால் அது தெரியாது. ஆனால், அது தன் போக்கிலே விடப்பட்டால் ஒரு கிலோமீற்றர் ஓடுவதற்குள் ஏறக்குறைய 8.7 மீற்றர் பக்கவாட்டில் விலகிச் சென்றுவிடும். கார் அதனை விலக விடாமல் இழுத்துச் செல்வதால், அந்த 8.7 மீற்றரும் இறப்பர் நிலத்தோடு மல்லுக்கட்டுவதிலே கழிகின்றது. நூறு கிலோமீற்றருக்கு 870 மீற்றர்! இறப்பர் வளைந்து கொடுப்பதால் முழுத் தூரமும் தேய்ப்பாக மாறுவதில்லை என்பது உண்மையே. எஞ்சியதுதான் ரயரின் விளிம்புகளை இறகுபோல் சீவிவிடுகின்றது. ரயரின் மேற்பரப்பைக் குறுக்கே உள்ளங்கையால் ஒரு திசையில் தடவும்போது வழுவழுப்பாகவும், எதிர்த்திசையில் தடவும்போது அரம்போலவும் தோன்றினால், டோ பிழைத்துவிட்டது என்று கொள்ளலாம். இச்சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை.

பந்தய ஓட்டுநர் முன்சில்லுகளுக்குச் சிறிது விரிவு வைப்பதுண்டு. சுக்கானைத் தொட்ட மாத்திரத்தில் காரின் மூக்கு வளைவுக்குள் புகுந்துவிடும் என்பதே அதன் பயன். அதற்கு விலையுமுண்டு: நேர்வீதியிலே கார் ஒரு நிலையில் நில்லாது அங்குமிங்கும் முகர்ந்துகொண்டு போகும், ஓட்டுநர் ஓயாமல் திருத்திக்கொண்டிருக்க வேண்டும். பின்சில்லுகளைப் பொறுத்தவரை இவ்விளையாட்டுக்கு இடமேயில்லை. பின்சில்லுகள் விரிந்து நின்றால், வளைவின் நடுவே வால் தானாகவே வெளியே வீசும். வீதியில் ஓடும் எந்தக் காருக்கும் பின்னே சிறிது முன்குவிவு இருப்பதே பாதுகாப்பு.

இரண்டாவது கோணமாகிய கம்பர், காரை முன்னின்று நோக்கும்போது தெரிவது. சில்லின் தலை உள்ளே சாய்ந்தால் எதிர்க் கம்பர். வெளியே சாய்ந்தால் நேர்க் கம்பர். கார் இடப்புறம் வளையும்போது அதன் உடல் வலப்புறம் சாய்கிறது. பாரம் வலப்புறச் சில்லுகளின்மீது ஏறுகிறது. உடலோடு சில்லும் சாய்ந்து ரயரின் வெளிவிளிம்பில் மட்டும் நிற்கப் பார்க்கிறது. வளைவிலே காரைத் தாங்க வேண்டிய சில்லு அதுவேயாதலால், முன்கூட்டியே அதன் தலையைச் சிறிது உள்ளே சாய்த்து வைக்கிறார்கள். உடல் சாயும் வேளையில் சில்லு நிமிர்ந்து, உள்ளங்கை முழுவதும் நிலத்தில் பதியும். வீதியில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒரு பாகையை அண்டிய எதிர்க் கம்பர் வழக்கமானது. பந்தயத் திடலில் இரண்டு, மூன்று பாகைகள்வரை செல்வதுண்டு. ஆனால், நேராக ஓடும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அதே சாய்வு குறையாகிவிடுகின்றது. ரயரின் உள்விளிம்பு பாரத்தைச் சுமக்க, வெளிவிளிம்பு சும்மா இருக்கிறது.

காஸ்டர், பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டிய கோணம். சைக்கிளின் முன்கவரைப் பாருங்கள். அது செங்குத்தாக இல்லாமல் மேலே பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அக்கோட்டை நிலம்வரை நீட்டினால், சில்லு நிலத்தைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னே சென்று முட்டும். அதனாற்றான் சில்லு தன் அச்சின் பின்னாலேயே இழுபட்டு நேராகிவிடுகின்றது. கையை விட்டும் சைக்கிளோட்டும் பையன்களின் வீரத்திலே பாதி இக்கோணத்துக்குரியது. காரிலும் அப்படியே. காஸ்டர் கூடினால் சுக்கான் கனக்கும். நேர்வீதியில் கார் உறுதியாகச் செல்லும். வளைவிலே வெளிச்சில்லுக்கு வேண்டிய எதிர்க் கம்பரும் சிறிது தானாகவே கிடைக்கும். இருபுறமும் காஸ்டர் ஒத்திராவிடின், குறைந்த பக்கத்துக்குக் கார் இழுக்கும். எங்கள் வீதிகள் நடுவில் உயர்ந்து ஓரங்களில் தாழ்ந்தவை. நாம் இடப்புறமாக ஓட்டுகிறோம். ஆகவே, பழுதேயில்லாத காரும் மெல்ல இடப்பக்கம் சரியத்தான் செய்யும். அச்சரிவைக் கண்டு அஞ்சிக் கராஜுக்கு ஓடுவதன் முன், மட்டமான ஓரிடத்தில் ஓட்டிப் பார்ப்பது நன்று.

இம்மூன்றோடு நான்காவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். பின்னச்சு நோக்கும் திசை காரின் நடுக்கோட்டோடு ஒத்திராவிடின், கார் முன்னே நோக்கிக்கொண்டு பக்கவாட்டில் நகரும். கடற்கரையில் வாழும் எங்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. நண்டு நடை என்றாலே போதும். அத்தகைய காரில் சுக்கானைக் கோணலாகப் பிடித்தாற்றான் கார் நேராகச் செல்லும். முன்சில்லுகளை மட்டும் எத்தனை முறை திருத்தினாலும் இது தீராது. எம்.ஜி.பி. போன்ற பழைய கார்களின் பின்னச்சு ஒரே இறுகிய குழாயாதலால் அங்கே திருத்துவதற்கு ஒன்றுமில்லை; வளைந்திருந்தால் மாற்றவே வேண்டும். 1989இல் மஸ்டா நிறுவனம் வெளியிட்ட எம்எக்ஸ்-5 என்னும் சிறு ஸ்போர்ட்ஸ் காரிலோ, நான்கு சில்லுகளின் கோணங்களையும் திருத்துவதற்கு மையம் விலகிய ஆணிகளை அமைத்திருக்கிறார்கள். வசதி கூடியதுபோலவே, பிழை செய்வதற்கான வாய்ப்பும் கூடியது எனலாம்.

இளைஞர்களின் கார்களைப் பற்றிக் குறிப்பிட்டேன். அவர்கள் முதலிற் செய்வது காரைத் தாழ்த்துதல். சுருள்வில்லை மாற்றி, அல்லது அதைவிட மோசமாக வெட்டி, காரின் வயிற்றை நிலத்துக்கு அண்மையில் கொண்டுவருகிறார்கள். பார்வைக்கு அது பந்தயக் கார் போலாகிவிடுகின்றது. ஆனால், நிகழ்வது என்ன? உடல் இறங்கும்போது கீழ்ப்புயங்கள் சாய்கின்றன. சில்லின் தலை உள்ளே சாய்கிறது. சில்லைத் திருப்பும் டை ரொட் வேறொரு வட்டத்தில் அசைவதால், எவரும் தொடாமலே டோவும் மாறிவிடுகின்றது. இக்காலக் கார்களிற் பெரும்பாலானவற்றில் முன்சில்லைத் தாங்குவது ஒற்றைத் தூண் போன்ற ஷொக் அப்சோபர். அவ்வமைப்பில் கீழ்ப்புயம் மட்டத்துக்கு மேலே சரிந்துவிட்டால், வளைவிலே உடல் மேலும் சாயுந்தோறும் சில்லு பெற வேண்டிய எதிர்க் கம்பரைப் பெறாது, மாறாக இழக்கும். ஸ்போர்ட்ஸ் காராக்கப்பட்டதாக எண்ணப்படும் அக்கார், வளைவைப் பொறுத்தமட்டில் முன்னிருந்ததினும் தாழ்ந்ததாகிவிடக்கூடும்.

உயர்தர வகுப்பில் என்னிடம் படித்த ஒருவர் இவ்வாறு தாழ்த்திய காரொன்றை ஒருநாள் பாடசாலை வாயிலில் நிறுத்தியிருந்தார். ரயர்கள் புதியவை போலவே பளபளத்தன. நெருங்கிக் குனிந்து உட்புறத்தைப் பார்த்தபோது, முன்சில்லொன்றின் உள்விளிம்பில் இறப்பர் முற்றாகத் தேய்ந்து கம்பி வெளியே தெரிந்தது. அவருக்கு அது தெரியாது, தெரிவதற்கு வழியுமில்லை. வெளிப்புறத்தைக் கழுவித் துடைப்பவர் கண்ணில் உட்புறம் படுவதேயில்லை. வில்லை மாற்றிக் கொடுத்த இடத்தில், கோணங்களை அளக்க வேண்டுமென்று எவரும் சொல்லவுமில்லை. அப்போது ஐப்பசி முடியும் காலம். இன்னும் சில நாட்களில் மாரி பிடித்திருக்கும். நீர் தேங்கிய வீதியிலே, தவாளிப்பு இல்லாத உள்விளிம்பில் பாரம் முழுவதையும் தாங்கி ஓடும் ரயர், நீரை ஒதுக்க மாட்டாமல் அதன்மேல் மிதக்கத் தொடங்கும், அல்லது வெடிக்கும். எங்கள் பிரதான வீதியில் பாடசாலை விடும் நேரத்தில் எத்தனை பிள்ளைகள் ஓரமாக நடந்து வருகிறார்கள் என்பதை நான் நாள்தோறும் காண்பவன். அன்று மாலையே அவர் இரண்டு ரயர்களையும் மாற்றினார். அடுத்த வாரம் பழைய வில்லையும் மாட்டிக்கொண்டார். அறிவுள்ள பிள்ளை.

கார் எங்கே ஓடப்போகிறது என்பதே முதற் கேள்வி என்றேன். மட்டக்களப்பிலிருந்து கல்முனை வழியாகப் பொத்துவில்வரை வரும் ஏ-4 வீதியைப் பாருங்கள். கடலுக்கு அணித்தாக, பெரும்பாலும் மட்டமாக, நீண்ட நேர்கோடுகளாகச் செல்லும் வீதி அது. அங்கே ஓடும் காருக்கு வளைவுக்கென வைத்த மிகுதியான எதிர்க் கம்பர் ரயரைத் தின்பதற்கன்றி வேறெதற்கும் பயன்படாது. அதே கார் மகியங்கனை கடந்து, பதினெட்டு வளைவு எனப் பெயர்பெற்ற ஏற்றத்தில் கண்டிக்கு ஏறுமாயின், அங்கே ஒவ்வொரு திருப்பத்திலும் வெளிச்சில்லு தலைசாய்ந்து நிற்க வேண்டியதன் நியாயம் விளங்கும். இன்னும் மேலே நுவரெலியாவில், 1934ஆம் ஆண்டில் தொடங்கிய மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி சித்திரை வசந்த காலத்தில் நடப்பது. கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக, கடிகாரத்தோடு போட்டியிட்டு மலையேறும். ஓட்டம் குறுகியது, ரயர் சூடேறுமுன் முடிந்துவிடும், தேய்மானத்தைப் பற்றிக் கவலைப்படுவார் இல்லை. உடனே திரும்புவதொன்றே வேண்டுவது. அத்தகைய போட்டிக்கு முன்விரிவு பொருந்தலாம். போட்டிக்கென வைத்த அந்த அளவோடே இரவில் மட்டக்களப்பு வீதியில் வீடு திரும்புவது தவறு.

உலகப் புகழ்பெற்ற பந்தயங்களிலும் இதே இழுபறிதான். 2011ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் ஸ்பா திடலில், ரயர் செய்த பிரெல்லி நிறுவனம் விதந்துரைத்த எல்லையினும் சிறிது மிகுதியான எதிர்க் கம்பரை ரெட் புல் அணி முன்சில்லுகளுக்கு வைத்தது. மிகுதி ஒரு பாகைக்கும் குறைவே. ஆயினும், தகுதிகாண் ஓட்டம் முடிவதற்குள் முன்ரயர்களின் உட்புறம் கொப்புளித்துவிட்டது. ஓட்டுநர் வெட்டல் அப்பந்தயத்தில் வென்றார் என்பது வேறு. அணியினர் அன்று அனுபவித்த அச்சத்தை ஒளித்தாரல்லர். 2020 பெப்ரவரியில் பார்சிலோனாவில் நடந்த முன்னோட்டத்தின்போது மேர்சடிஸ் அணி இன்னும் நூதனமான ஒன்றைக் காட்டியது. நேர்வழியில் ஓட்டுநர் சுக்கானைத் தம்மை நோக்கி இழுப்பார். முன்சில்லுகளின் விரிவு குறைந்து அவை சமாந்தரத்துக்கு வரும். வளைவு நெருங்கியதும் திரும்ப உள்ளே தள்ளுவார்; விரிவு மீளும். ஒரே நிலையான கோணம் நேர்வழிக்கும் வளைவுக்கும் ஒருங்கே ஏற்றதாக இருக்க முடியாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. அவ்வாண்டு முழுவதும் அனுமதிக்கப்பட்ட அவ்வமைப்பு 2021இலிருந்து தடைசெய்யப்பட்டது. நமது கார்களில் அத்தகைய இழுகோல் இல்லை. ஆகவே, கராஜுக்குச் செல்லுமுன்பே எந்த வீதிக்காக என்பதைத் தீர்மானித்துக்கொண்டு செல்ல வேண்டியிருக்கிறது.

அளக்கும் முறைக்கு வருவோம். பெரிய கராஜ்களில் சில்லுகளில் பலகைகளை மாட்டி, கமராக்களால் நோக்கி, கணினித் திரையிலே எண்களைக் காட்டுகிறார்கள். நல்ல முறையே. ஆயினும், பந்தய அணிகள் பல இன்றும் திடலிலே நூல் கட்டித்தான் அளக்கின்றன என்பதைக் கேட்டால் எங்களூர் நெசவாளர் மகிழ்வர். பாவு இழுத்துப் பழகிய கைகளுக்கு இது புதிதன்று. நூல் விறைப்பாக நின்றால் அது பொய் சொல்லாது.

காரின் முன்னே ஒரு குழாயையும் பின்னே ஒரு குழாயையும் குறுக்காக வைத்து, இரண்டிலும் சரியாக ஒரே இடைவெளியில் குறியிட்டு, இருபுறமும் சில்லின் மையத்தின் உயரத்தில் நூலைக் கட்ட வேண்டும். அப்போது நூல்கள் இரண்டும் சமாந்தரமாகும். பின்பு, முன்னச்சில் இடச்சில்லின் மையத்துக்கும் நூலுக்குமுள்ள தூரம் வலப்புறத் தூரத்தோடு ஒத்திருக்கும்படி குழாய்களை நகர்த்த வேண்டும், பின்னச்சிலும் அவ்வாறே. முன்தூரமும் பின்தூரமும் தம்முள் ஒத்திருக்க வேண்டியதில்லை; பல கார்களில் முன்சில்லுகளின் இடைவெளியும் பின்சில்லுகளின் இடைவெளியும் வேறுவேறு. இதை அறியாமல் நான்கையும் சமப்படுத்த முயல்வோர் காலை முழுவதையும் வீணாக்குவர். நூல் நிலைபெற்றபின், ஒவ்வொரு றிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தூரங்களை அளந்தால், வேறுபாடே டோ. 15 அங்குல றிம்மின் வெளிவிட்டம் விளிம்போடு சேர்த்து ஏறக்குறைய 400 மில்லிமீற்றர். அங்கே ஒரு மில்லிமீற்றர் வேறுபாடு ஏறக்குறைய 9 கலைக்குச் சமம். ஒரு பாகைக்குக் கலைகள் அறுபது. ஆதலால், அளவுகோலை அரை மில்லிமீற்றர்வரை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நூலோ கணினியோ, அளப்பதற்கு முன் செய்ய வேண்டியவை சிலவுண்டு. பெரும்பாலான பிழைகள் பிறப்பது இங்கேதான். ரயர்களின் காற்றழுத்தம் ஒழுங்காக இருத்தல் வேண்டும். போல் ஜொயின்ற், டை ரொட் முனை, சில்லுப் பெயாரிங், புஷ் ஆகியவற்றில் தளர்ச்சி இருக்குமாயின் அதனை முதலில் நீக்க வேண்டும். ஆடும் பல்லுக்குத் தங்க முலாம் பூசுவாருண்டோ? தரை மட்டமாயிருக்க வேண்டும். ஸ்போர்ட்ஸ் கார் இலேசானதாகையால், ஓட்டுநரின் நிறை அதன் உயரத்தைக் கண்கூடாக மாற்றும். எனவே, அவருடைய நிறைக்கு ஈடாக அரிசி மூட்டையோ மணல் மூட்டையோ ஆசனத்தில் வைத்து, எண்ணெய்த் தாங்கியில் வழக்கமான அளவு எரிபொருள் இருக்கும்போது அளப்பதே முறை. ஜக்கில் உயர்த்தி இறக்கிய காரை உடனே அளக்கலாகாது. சில்லுகள் நிலத்தோடு ஒட்டிக்கொண்டு புயங்களைத் தம் இடத்தில் அமரவிடா. சில யார் முன்னும் பின்னும் உருட்டிய பின்னரே அளக்க வேண்டும். முன்சில்லுகளின் கீழே இரண்டு தரையோடுகளுக்கிடையே கிறீஸ் பூசி வைத்தால், அவை தடையின்றி நகர்ந்து அமரும்.

திருத்துவதிலும் ஓர் ஒழுங்குண்டு. முதலில் காரின் உயரம், பின்பு காஸ்டரும் கம்பரும், அதன்பின் பின்சில்லுகளின் டோ, கடைசியாகச் சுக்கானை நடுவில் நிறுத்திக் கட்டிவிட்டு முன்சில்லுகளின் டோ. கம்பரை மாற்றினால் டோவும் மாறும். டோவை மாற்றினால் கம்பர் அவ்வளவாக மாறாது. ஆதலின், டோ எப்போதும் கடைசி. சில அவசரக்காரர் முன்சில்லின் டோவை மட்டும் திருகிவிட்டுப் பணம் கேட்பர். அது முழுச் சீரமைப்பன்று.

கோணங்கள் சரியோ என்பதைக் கடைசியாகச் சொல்வது ரயர்தான். பந்தயக்காரர் ஓட்டம் முடிந்தவுடன் ரயரின் உள், நடு, வெளி ஆகிய மூன்று இடங்களிலும் வெப்பத்தை அளப்பர். உட்புறம் வெளிப்புறத்தைவிட மிகச் சூடாயிருந்தால் எதிர்க் கம்பர் கூடிவிட்டது. வெளிப்புறம் சூடாயிருந்தால் போதாது. நமக்கு வெப்பமானி வேண்டாம். மாதமொருமுறை சுக்கானை ஒருபுறம் முழுவதும் திருப்பி நிறுத்தி, குனிந்து, உள்விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாலே போதும். பெரிய குழியில் விழுந்தாலும், ஓரக்கல்லில் மோதினாலும், முன்புறத்தில் ஏதேனும் உறுப்பை மாற்றினாலும் மீண்டும் அளக்க வேண்டும். புதிய வில் பூட்டினால், அது சில நூறு கிலோமீற்றர் ஓடிப் படிந்தபின் இன்னொருமுறை.

அளந்த எண்களை, இடம், வலம், முன், பின் என்று வேறுவேறாக ஒரு தாளில் எழுதித் தரும்படி கராஜ்காரரைக் கேளுங்கள். கணினி வைத்திருப்போர் அச்சிட்டே தருவர். அத்தாளைக் கைந்நூலுக்குள் வைத்துக்கொண்டால், அடுத்த ஆண்டு அளக்கும்போது எது மாறியது என்பது தெரிந்துவிடும். நான்கும் சிறிதளவே மாறியிருந்தால் அது புஷ்களின் முதுமை. முன் இடச்சில்லின் டோ மட்டும் மாறியிருந்தால், அந்தப் பக்கத்து டை ரொட்டை முதலில் அசைத்துப் பார்க்க வேண்டும்.